பாதி சீசன் கணக்கு

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு சீசனில் ஒரு அணிக்கு 162 ஆட்டம். கணக்குப்படி 81 முடிந்தால் பாதி. ஆனால் எல்லோரும் உட்கார்ந்து அலசுவது ஜூலை ஆல்-ஸ்டார் இடைவெளியில்தான் (நட்சத்திர வீரர்களின் காட்சி ஆட்டத்துக்காக லீக் ஆட்டங்கள் சில நாள் நிற்கும்). அதற்குள் கிட்டத்தட்ட 90 ஆட்டம் போய்விடும். அந்த நேரத்துப் புள்ளிப் பட்டியலைப் பார்த்தாலே எனக்கு 2021 அட்லாண்டா பிரேவ்ஸ் ஞாபகம் வந்துவிடும்.

இடைவெளியின்போது 44 வெற்றி, 45 தோல்வி. அதற்குச் சற்று முன், ஜூலை 10 அன்று, அணியின் நட்சத்திர வீரர் ரொனால்ட் அகூன்யாவுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்து சீசனே முடிந்தது. நானாக இருந்தால் "சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று கடையைக் கட்டியிருப்பேன். பொது மேலாளர் அலெக்ஸ் ஆந்தோபுலஸ் கட்டவில்லை. ஜூலை முடிவதற்குள் பீடர்சன், டுவால், சோலேர், ரொசாரியோ என்று நாலு அவுட்ஃபீல்டர்களை (மைதானத்தின் வெளிப்பகுதியைக் காப்பவர்களை) மற்ற அணிகளிடமிருந்து பிடித்துப் போட்டார். அதிலும் ரொசாரியோ வரும்போதே காயத்தோடுதான் வந்தார்!

ஆகஸ்டில்தான் அந்த சீசனில் முதல்முறையாக வெற்றிகளின் எண்ணிக்கை தோல்விகளைத் தாண்டியது. முடிவில் 88-73. அப்புறம் நடந்ததுதான் கூத்து: தேசிய லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் அதே ரொசாரியோ, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரில் சோலேர். 1995-க்குப் பிறகு முதல் கோப்பை.

அந்த ஜூலையில் பிரேவ்ஸ் ஆடும் பிரிவின் முதலிடத்தில் இருந்தது நியூயார்க் மெட்ஸ். அவர்கள் முடித்தது 77-85.