பெட்டி போகும் பாதை

துறைமுகச் சாலை டீக்கடை. கண்டெய்னர் லாரி டிரைவர் கிளாஸை வாங்குமுன் திரும்பிப் போய்க் பெட்டிக் கதவிலிருந்த சீல் முத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

“என்ன லோடுண்ணே?”

“திருப்பூர் பனியன். ஜெர்மனிக்காம்லா.”

தூத்துக்குடியில் ஏறும் இப்படிப்பட்ட பெட்டிகள் பலவும் முதலில் கொழும்புக்குத்தான் போகும். அங்கே இறக்கி, மறுபடி பெரிய கப்பலில் ஏற்றணும். கிரேன் கூலியே ரெண்டு தடவை. கொழும்புத் தெற்கு முனையத்தில் ஆழம் 18 மீட்டர், ராட்சதக் கப்பல் நிற்கும்.

அப்படியானால் தூத்துக்குடியிலும் ஆழம் தோண்டினால் பெரிய கப்பல் வந்துவிடுமா? இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலும் கடன் வாங்கித் தோண்டினார்கள். 2017-இல் 99 வருஷக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது. பெட்டி குவியும் இடத்துக்குத்தான் கப்பல் வரும். கப்பல் வரும் இடத்தில்தான் பெட்டி குவியும். (கோழியா முட்டையா கதைதான்!)

டிரைவர் டீயை முடித்தார். கிளம்புமுன் மறுபடி சீல் முத்திரையைத் தொட்டார்.