எந்தச் சேனலில் வரும்?

விஷுவல் கம்யூனிகேஷன் படித்தால் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பெரும்பாலும் கொடுப்பது பி.எஸ்சி. பட்டம். இதை எங்கள் சித்தப்பாவுக்கு விளக்கவே முடியாது. இயற்பியலும் இல்லை, வேதியியலும் இல்லை, பிறகென்ன அறிவியல் என்பார். "லேப் உண்டு சித்தப்பா" என்றால் முகம் மலரும். அங்கே நடப்பது எடிட்டிங் என்று தெரிந்ததும், "அப்படியானால் காதுகுத்துக்கு வெளியில் ஆள் பிடிக்க வேண்டாம்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அது கிடக்கட்டும். நான் சொல்ல வந்தது மல்லிகைப்பூ ஆவணப்படத்தின் கதை.

இரண்டாம் ஆண்டில் குழுவாகச் சேர்ந்து ஐந்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்க வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு வேறு எதை எடுப்பது? 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லியையே எடுப்போம் என்று முடிவாயிற்று. (மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கல்லூரி வாசலிலிருந்து ஒரே பஸ் என்பதும் ஒரு காரணம்.) மல்லியை விடியும் முன்பே மொட்டாகப் பறித்து மார்க்கெட்டில் சேர்த்துவிட வேண்டும். சாயங்காலம் மொட்டு விரியத் தொடங்கிவிடும். விரிந்த பூவை யாரும் சீந்த மாட்டார்கள். அதனால் காலை வேளையில் அங்கே யாருக்கும் நின்று பேச நேரம் கிடையாது. அந்த வேளை பார்த்துத்தான், வெளிச்சம் அருமையாக இருக்கும் என்று கேமராக்காரன் சொன்னான் என்பதற்காக, மூட்டைகள் போகிற பாதையின் நடுவில் டிரைபாடை விரித்தோம்.

தகவல் தொடர்பியலில் முதல் பருவத்திலேயே லாஸ்வெல் என்கிற அமெரிக்க அறிஞர் வந்துவிடுவார். 1948இல் அவர் எழுதிவைத்த வாய்பாடு: யார், என்ன சொல்கிறார், எந்த வழியாக, யாருக்கு, என்ன விளைவோடு? இதை எங்கள் வாத்தியார் கரும்பலகையில் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, இரண்டு வகுப்புகள் நடத்தினார். பூ மார்க்கெட்டில் ஒரு டீ ஆறுவதற்குள் பாடம் முடிந்துவிட்டது. மூட்டை தூக்குகிற அண்ணன், "யாருப்பா நீங்கள்?" என்றார். கமிஷன் கடைக்காரர், "என்ன எடுக்கிறீர்கள்?" என்றார். அடுத்தவர், "எந்தச் சேனலில் வரும்?" என்றார். சேனல் எதுவும் இல்லை, கல்லூரிக்காக என்றதும், "அப்புறம் இதை யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு குரல். எங்கள் துறைத் தலைவர் பார்ப்பார் என்றோம். ஓரமாக உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த பாட்டி தலையை நிமிர்த்தாமலே, "அவர் பார்த்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?" என்று ஐந்தாவது கேள்வியையும் கேட்டு வைத்தார். வரிசை கூட மாறவில்லை.

சேனல் இல்லாத படத்தில் முகம் காட்ட ஒரே ஒரு பூக்கடை அக்கா மட்டும் ஒப்புக்கொண்டார். அவரையும் இழுத்தது படமில்லை, எங்கள் மைக்தான். காற்றுச் சத்தம் விழாமலிருக்க அதற்குச் சாம்பல் நிறத்தில் ஒரு ரோம உறை மாட்டியிருப்போம். "இது என்ன பாப்பா, கீரிப்பிள்ளையா?" என்று கேட்டு, தடவியும் பார்த்த பிறகே அக்கா பேச உட்கார்ந்தார்.

கேமரா ஓடாதபோது அக்காவின் பேச்சு கேட்கக் கேட்கத் திகட்டாது. முகூர்த்த நாளில் ஆயிரத்தைத் தாண்டுகிற மல்லி, முகூர்த்தம் போன மறுநாள் எப்படித் தலைகுப்புற விழும் என்பதைக் கடன் சொல்லிப் போனவர்களின் கணக்கோடு சேர்த்துச் சொன்னார். ரெக்கார்டிங் என்றதுதான் தாமதம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வணக்கம். மல்லிகைப்பூவானது மதுரைக்குப் பெருமை சேர்க்கும் ஒரு நறுமண மலராகும்" என்று ஆரம்பித்தார். மூன்றாம் வகுப்புக் கட்டுரை நோட்டு அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. சாதாரணமாகப் பேசுங்கள் அக்கா என்று கெஞ்சினோம். "டிவியில் அப்படிப் பேசினால் நன்றாகவா இருக்கும்?" என்றார்.

நறுமண மலர் வந்த நல்ல டேக்கில்கூட இடையில் ஒரு லோடு ஆட்டோ ஹாரன் அடித்தது. லாஸ்வெல்லின் அதே 1948இல்தான் ஷானன் என்பவரும் தகவல் போகிற வழியில் இரைச்சல் புகுவது பற்றித் தன் கட்டுரையை வெளியிட்டார். அவர் வேலை பார்த்தது டெலிபோன் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். மாட்டுத்தாவணியில் பார்த்திருந்தால் கட்டுரை இன்னும் பத்துப் பக்கம் நீண்டிருக்கும்.

எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது தேறியது கொஞ்சம்தான். அதில் ஒன்று, அக்கா பேசாமல் கேமராவையே வெறித்துப் பார்க்கிற ஒரு குளோஸ்அப். வாடிக்கையாளர் வருகிற வழியை எங்கள் டிரைபாட் அடைத்து நின்றபோது விழுந்த பார்வை அது. எங்கள் எடிட்டர் அதை எடுத்து, மதியத்துக்கு மேல் விற்காமல் கிடந்த பூக்கூடைக்குப் பின்னால் ஒட்டி, அடியில் சோகமாக ஒரு வீணையையும் ஓடவிட்டான். ரஷ்யாவில் குலெஷோவ் என்ற சினிமா இயக்குநர் நூறு வருடங்களுக்கு முன்பே செய்து பார்த்த வித்தைதான். ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டினால், பார்ப்பவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் தாங்களாகவே கண்டுகொள்வார்கள். கதைப்படத்தில் அது மேதைமைதான், ஆவணப்படத்தில் பித்தலாட்டம் என்று நான் சண்டை போட்டேன். இப்போதும் அதுதான் என் கட்சி. ஆனால் மறுநாள் காலை படத்தைக் கொடுத்தாக வேண்டும். மூன்றுக்கு ஒன்று என்று தோற்றேன்.

தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். "இந்த அம்மாவின் கண்ணைப் பாருங்கள். ஒரு தலைமுறையின் வலியே தெரிகிறது" என்றார். எங்கள் எடிட்டர் பணிவாகத் தலைகுனிந்துகொண்டான். குனியாவிட்டால் சிரிப்பது தெரிந்துவிடும்.

படத்தைக் காட்டுகிறோம் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். செல்போனில் போட்டுக் காட்டினோம். குளோஸ்அப் வந்ததும், "இது நீங்கள் கடையை மறித்துக்கொண்டு நின்றபோது பார்த்தது அல்லவா?" என்று உடனே பிடித்துவிட்டார். "இதற்கு எதற்கு இழவு வீட்டுப் பாட்டு? அன்றைக்கு வியாபாரம் நன்றாகத்தானே போனது?" வகுப்பில் ஒருவரும் கேட்காத கேள்வி. பிறகு தயாரிப்பாளர் தோரணையில் வேலையைத் தொடங்கினார். பேச்சை எடுத்துவிடு, வீணையை எடுத்துவிடு, கடைப் பலகையும் போன் நம்பரும் தெரியட்டும், மல்லிக் குவியலை முதலில் வை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அளவுக்குக் கொடு.

எடிட்டர் மறுபேச்சில்லாமல் அங்கேயே உட்கார்ந்து வெட்டிக் கொடுத்தான். அக்கா ஏற்றிய கையோடு ஒரு கல்யாண வீட்டிலிருந்து மாலைக்கு விலை கேட்டு போன் வந்தது. பக்கத்துக் கடைக்காரர் அதுவரை எங்களைத் திரும்பியும் பார்க்காதவர். தனக்கும் ஒன்று வேண்டும் என்று எழுந்து வந்தார். காசு கொடுத்துவிடுகிறேன், ஆனால் அந்தக் கீரிப்பிள்ளை படத்தில் கட்டாயம் தெரிய வேண்டும் என்றார்.