ரெண்டு மில்லி ரத்தம்

அக்காவோட முதல் குழந்தை ஒன்றரை நாள்தான் இருந்துச்சு. அது நடந்து ஆறு வருஷம் ஆச்சு. எழுதணும் எழுதணும்னு நினைச்சு நினைச்சு விட்டுட்டே இருந்தேன், போன வாரம் வீட்ல தம்பி கல்யாணப் பேச்சு எடுத்ததும் இனிமே தள்ளிப்போடக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்.

அக்காவுக்கு அத்தை பையன்தான் மாப்பிள்ளை. அஞ்சாம் மாச ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு தான் வந்துச்சு. ஏழாம் மாசம் ஸ்கேன் பண்ண டாக்டர் ரொம்ப நேரம் பேசவே இல்லையாம், அப்புறம் கிட்னி ரெண்டும் பெருசா வெள்ளையா தெரியுது, தண்ணியும் கம்மியா இருக்குன்னு சொன்னாங்க. தண்ணி கம்மின்னு கேட்டதும் பாட்டி தினம் ரெண்டு இளநீர் வெட்டச் சொல்லிட்டாங்க. பாவம், அவங்களுக்குத் தெரிஞ்சது அது. அந்தத் தண்ணி எங்க இருந்து வருதுன்னு எங்க யாருக்குமே அப்போ தெரியாது. நாலாம் மாசத்துக்கு மேல பனிக்குடத்துல இருக்கறது பெரும்பாலும் குழந்தை போற மூத்திரம்தான். கிட்னி வேலை செய்யலைன்னா அம்மா எவ்ளோ குடிச்சாலும் அது ஏறாது. அந்தத் தண்ணி இருந்தாத்தான் நுரையீரல் விரிஞ்சு வளரும். அதனாலதான் கிட்னியில நோய் இருந்த எங்க குழந்தை மூச்சு விட முடியாம போச்சு.

ஆஸ்பத்திரில குழந்தை இறந்ததுக்கு எழுதிக் குடுத்த டெத் சம்மரில "பாலிசிஸ்டிக் கிட்னி"ன்னு ஒரே வரி. சிஸ்ட்னா நீர்க்கட்டி, ஸ்கேன்ல கருப்பா தானே தெரியணும், இது ஏன் வெள்ளையா இருந்துச்சுன்னு நான் ரொம்ப நாள் குழம்பினேன். இந்த வகையில கிட்னிக்குள்ள இருக்கற சின்னச் சின்னக் குழாய்ங்க ஆயிரக்கணக்குல உப்பி நிக்கும், ஒவ்வொண்ணும் ஸ்கேன்ல தனித்தனியா தெரியாத அளவு சின்னது, ஸ்கேன் சத்தம் அத்தனை சுவத்துலயும் பட்டுத் திரும்பறதால மொத்த கிட்னியும் பளிச்னு வெள்ளையா தெரியுதாம்.

அதுக்கப்புறம் வீட்ல நடந்தது தான் என்னால மறக்க முடியாதது. கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தாளா, பப்பாளி சாப்பிட்டாளான்னு வந்தவங்க எல்லாம் அக்காவையே கேட்டாங்க, அவளும் ராத்திரி ராத்திரி உக்காந்து எதை சாப்பிட்டோம்னு யோசிச்சுட்டு இருப்பா. எனக்கு இன்னிக்கும் கோபம் வருது. அவ சாப்பிட்ட எதுவும் காரணம் இல்ல.

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஜெனடிக் டாக்டரைப் பார்த்தோம். அவங்க முதல்ல கேட்டது, குழந்தையோட டி.என்.ஏ. எடுத்து வச்சிருக்கீங்களான்னு. எங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது, பிரசவம் நடந்த எடத்துலயும் யாரும் சொல்லல. ஊதா மூடி போட்ட சின்ன ட்யூப்ல ரெண்டு மில்லி ரத்தம் எடுத்திருந்தா போதும், இல்ல தொப்புள்கொடி ரத்தம், குழந்தை வயித்துலயே இறந்துட்டா ஒரு துளி தோல். அதுல இருந்து டி.என்.ஏ. பிரிச்சு வச்சா வருஷக்கணக்குல கெடாம இருக்கும்.

அது ஏன் அவ்ளோ முக்கியம்னா, கிட்னி வெள்ளையா தெரியறது ஒரு நோய் கிடையாது, பல நோய்ங்க ஒரே முகத்தோட வந்து நிக்கும். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பி.கே.எச்.டி.1ங்கற ஜீன் பழுதா வந்தா ஒரு வகை, அப்போ ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலுல ஒரு வாய்ப்பு. பெரியவங்களுக்கு நாப்பது அம்பது வயசுல டயாலிசிஸ் வரைக்கும் கொண்டு போற பி.கே.டி.1 வகை எப்பவாவது கருவிலயே தெரியும், அதுல அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தாலே பாதிக்குப் பாதி, அதனாலதான் அக்காவுக்கும் மாமாவுக்கும் முதல்ல கிட்னி ஸ்கேன் எடுத்தாங்க. எச்.என்.எஃப்.1.பி.ன்னு இன்னொரு ஜீன், அதுல பழுது நிறைய பேருக்கு அப்பா அம்மாகிட்ட இல்லாம குழந்தைகிட்ட புதுசா வர்றது, அப்படின்னா அடுத்த குழந்தைக்கு வர்ற வாய்ப்பு ரொம்பக் குறைவு. பின்மண்டையில மூளை பிதுங்கி, கைல ஆறு விரலோட வந்தா அது மெக்கல் க்ரூபர், அதுவும் நாலுல ஒண்ணு, அந்தக் குழந்தைங்க பிழைக்கறதில்ல. ஒரு பக்கம் கிட்னி மட்டும் நீர்க்கட்டியா இருந்து இன்னொண்ணு நல்லா இருந்தா அது வேற கதை, பெரும்பாலும் அந்தக் குழந்தைங்க நல்லாவே இருப்பாங்க, தயவுசெஞ்சு அதைப் பார்த்து பயந்து முடிவெடுத்துடாதீங்க.

எங்களுக்கு ஒரு வழி மிச்சம் இருந்துச்சு. அக்கா, மாமா ரெண்டு பேர் ரத்தத்தையும் டெஸ்ட் பண்ணாங்க. பி.கே.எச்.டி.1ல ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல ஒரே டி.என்.ஏ. எழுத்து மாறியிருக்கு. அப்பாவும் அத்தையும் கூடப் பொறந்தவங்க, தாத்தாவோ பாட்டியோ யாரோ ஒருத்தர்கிட்ட இருந்து இறங்கி வந்து இந்தக் குழந்தைகிட்ட ரெண்டு பக்கமும் சேர்ந்துருக்கு. ஒரு பழுது மட்டும் இருக்கறவங்களுக்கு பொதுவா எந்தத் தொந்தரவும் தெரியாது, அதனால மூணு தலைமுறையா யாருக்கும் தெரியல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல சொந்தத்துல கல்யாணம் பண்ணவங்க 28 சதவீதம். நான் சொந்தத்துல பண்றதை திட்டறதுக்காக இதைச் சொல்லல, எங்க அம்மா அப்பாவும் சொந்தம்தான்.

அடுத்த தடவை அக்கா உண்டானப்ப ஸ்கேன்ல பாத்துக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. போன தடவை அஞ்சாம் மாசம் நார்மல்னு தானே வந்துச்சு! ஜீன் பேர் கைல இருந்ததால பன்னெண்டாவது வாரமே நஞ்சுக்கொடில இருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க முடிஞ்சுது. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அக்கா யார்கிட்டயும் கர்ப்பம்னே சொல்லல. ஒரு பழுது மட்டும் இருக்கு, அக்கா மாதிரியே கேரியர்னு வந்துச்சு. பாப்பாவுக்கு இப்போ மூணு வயசு.

இதே நோயோட பொறந்து பிழைச்ச குழந்தைங்களும் இருக்காங்க. முதல் மாசத்தைத் தாண்டினவங்கள்ல பெரும்பாலானவங்க வளர்ந்து வர்றாங்க, பி.பி.க்கு மருந்து, ஈரல் தழும்பாகறதால அதுக்கும் கவனிப்பு, சிலருக்கு பின்னாடி கிட்னி மாற்றுன்னு நீண்ட பாதை, ஆனா வாழறாங்க. அதனால ஸ்கேன்ல சொன்ன அன்னிக்கே எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்க வேணாம், ஜெனடிக் டாக்டரையும் குழந்தைங்க கிட்னி டாக்டரையும் பார்த்துட்டுப் பேசுங்க.

இப்போ தம்பிக்குப் பேசறது அதே அத்தையோட பொண்ணுதான். ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல இருந்தே பிடிக்கும். தம்பிகிட்ட அந்தப் பழுது இருக்க பாதி வாய்ப்பு, அவகிட்டயும் பாதி. நான் டெஸ்ட்னு வாயெடுத்ததும் அத்தை எழுந்து உள்ள போயிட்டாங்க, என் பொண்ணுக்கு என்ன நோய்னு அழுதாங்க. அக்காதான் பின்னாடியே போய் கதவைச் சாத்திட்டு ரொம்ப நேரம் பேசிட்டு வந்தா. திங்கக்கிழமை தம்பியும் அவளும் ஒண்ணா போய் ரத்தம் குடுத்துட்டு வந்தாங்க, எந்த எழுத்தைத் தேடணும்னு அக்காவோட பழைய ரிப்போர்ட்டையும் கூட வச்சு அனுப்பியிருக்கோம்.