அந்த எட்டு பார் ஆர்கன்

ஒலிப்பதிவுக் கூடங்களில் கீபோர்டு வாசிப்பது என் தொழில். புதிதாக வரும் பிள்ளைகள் சம்பளம், உரிமை என்று பேச்செடுத்தால், 'எ ஒயிட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டைப் போட்டுக் காட்டுவேன்.

புரோகோல் ஹாரம் என்ற இங்கிலாந்துக் குழு 1967 மே மாதம் வெளியிட்ட பாடல். லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவானது. பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடம். இசை கேரி புரூக்கர், வரிகள் கீத் ரீட் என்றுதான் பெயர் போட்டார்கள். ஆனால் பாட்டு தொடங்குவதே குழுவில் ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷரின் ஹேமண்ட் ஆர்கனில்தான். கீழே பேஸ் என்ற தாழ்ந்த சுரங்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போக, மேலே ஆர்கன் ஜெர்மன் இசைமேதை பாஹ்வின் சாயலில் அவசரமே இல்லாமல் பாடும். இறங்கும் கார்டுகள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள், புரூக்கருடையவை. அவற்றின் மேல் நிற்கும் மெட்டு ஃபிஷருடையது. கேட்டவர்கள் வரிகளை மறந்தாலும் அந்த எட்டு பாரை, அதாவது எட்டு தாளச் சுற்று நீளமுள்ள அந்த ஆர்கன் மெட்டை, மறப்பதில்லை.

எங்கள் வேலையில் இது வழக்கமாக நடப்பது. "இந்த கார்டு மேல ஏதாவது பண்ணுங்க சார்" என்பார்கள். கை தேடும். ஏதோ ஒன்று அமையும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "அதேதான், வச்சுக்கலாம்" என்று குரல் வரும். அப்புறம் கால்ஷீட் பணத்தோடு சரி. வாசித்ததெல்லாம் இசையமைப்பு ஆகாது, எழுதிக் கொடுத்ததை வாசிப்பது வேறு. ஆனால் பாட்டின் முகமாகவே ஆகிவிடுகிற மெட்டை உண்டாக்கியவரை வெறும் வாத்தியக்காரர் என்று ஒதுக்குவது அநியாயம்.

ஃபிஷர் 2005-ல் வழக்குப் போட்டார். இத்தனை காலம் பேசாமல் இருந்தவருக்கு இப்போது என்ன உரிமை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை இணை இசையமைப்பாளராக ஏற்று, இசையின் உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது. 2008-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெயர் இருக்கட்டும், தாமதித்ததால் பணம் கிடையாது என்றது. 2009 ஜூலையில் அப்போது நாட்டின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒருமனதாக அதை மாற்றினார்கள்: இப்படி உரிமை கோரச் சட்டத்தில் காலக்கெடு இல்லை. ஆனாலும் பங்கு 2005-லிருந்துதான். அதற்கு முன் பாட்டு சம்பாதித்ததில் அவருக்கு எதுவும் இல்லை.

பிள்ளைகள் தீர்ப்பைக் கேட்டு உற்சாகமாகிறார்கள். நான் அந்த இடைப்பட்ட 38 ஆண்டுகளைத்தான் காட்டுகிறேன். கூடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள், எந்த பிட் யாருடையது என்று அன்றைக்கே எழுதி வாங்குங்கள் என்கிறேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களோடு நானே போய் நிற்கிறேன்.