கண்ணைத் திறந்து காட்டுங்க, அப்புறம் ஸ்டைல் பேசலாம்

லேஷ் எக்ஸ்டென்ஷன், அதாவது சொந்த இமை முடி மேல செயற்கை முடி ஒட்டிக்கறது, அதைப் பண்ண வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் போன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோட தான் வருவாங்க, "அக்கா, இதே மாதிரி வேணும்". பண்ணலாம் மா, ஆனா அந்தப் பொண்ணோட கண்ணு வேற உங்க கண்ணு வேற, அதே 13 எம்எம் நீளம், அதே டி கர்ல் (நல்லா மேல வளைஞ்ச வகை) உங்களுக்கு ஒட்டினா வேற ஏதோ ஒண்ணு தான் வரும். அதனால நான் முதல்ல ஸ்டைல் பத்திப் பேசவே மாட்டேன். மேக்கப் எல்லாம் துடைச்சுட்டு சேர்ல நேரா உட்கார வெச்சு, புருவத்தைத் தூக்காம என்னையே பாருங்கன்னு சொல்லுவேன். புருவம் விஷயம் முக்கியம், ஏன்னா யாராவது நம்ம மூஞ்சிய உத்துப் பார்த்தாலே அது தானா மேல ஏறிக்கும். பெட்ல படுக்க வெச்சுட்டு ஷேப் பார்க்குறதுல பிரயோஜனமே இல்ல, கண்ணு மூடியிருக்கும், தோல் எல்லாம் பின்னாடி இழுத்துக்கும், எல்லார் கண்ணும் ஒரே மாதிரி தான் தெரியும்.

நான் பார்க்குறது என்னன்னா, கடைக்கண் உள் மூலையை விட மேல இருக்கா கீழ இருக்கா, இமை மடிப்பு தெரியுதா இல்ல தோல் மேல வந்து மூடுதா, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இன்னொரு கண்ணு வைக்குற அளவு இடம் இருக்கா. அப்புறம் ரெண்டு கண்ணும் ஒண்ணா இருக்கான்னு. பெரும்பாலும் இருக்காது!

இப்போ எல்லாரும் கேக்குற கேட் ஐ, பூனைக்கண் ஸ்டைல். உள் மூலைல குட்டியா ஆரம்பிச்சு கடைக்கண்ல தான் ரொம்ப நீளம். ரவுண்டு கண்ணுக்கும் நெருக்கமா இருக்குற கண்ணுக்கும் சூப்பர், கண்ணு கொஞ்சம் நீளமா தெரியும். ஆனா கடைக்கண் கீழ இறங்குற டைப் நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இருக்கு, அவங்களுக்கு அந்த கடைசி ஓரத்துல நீளமா வெச்சா வெயிட் மொத்தமும் அங்க போய், அந்த முடியே ஏற்கனவே கீழ பார்த்து வளர்றது, எக்ஸ்டென்ஷனும் அதே திசைல போய் நாள் பூரா அழுது தூங்கி எழுந்த மூஞ்சி மாதிரி ஆகிடும். இவங்களுக்கு நான் சொல்றது ஸ்குவிரல்னு ஒரு ஸ்டைல். அதாவது புருவம் வளையுற இடத்துக்கு நேர் கீழ தான் அதிக நீளம், அதைத் தாண்டினதும் திரும்ப குறைச்சுடணும், ஓரத்துல மட்டும் கர்ல் கொஞ்சம் ஜாஸ்தி. கேட் ஐ கேட்டு வந்தவங்களுக்கு இதைப் பண்ணி விட்டா, இது தான் கேட் ஐன்னு நினைச்சு சந்தோஷமா போவாங்க, நானும் திருத்துறதில்ல.

மேப்பிங், அதாவது எங்க எவ்ளோ நீளம்னு குறிச்சுக்கறது எப்படின்னா, கீழ் இமை முடியை மூடி ஜெல் பேட் ஒட்டுவோம்ல, அது மேல பேனாவால விசிறி மாதிரி கோடு போட்டு ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தனை எம்எம்னு நம்பர் எழுதிடுவேன். ஸ்குவிரல்னா உள்ளேர்ந்து 8, 9, 10, 11, 12, அப்புறம் 10. சொந்த முடியை விட 2, மிஞ்சிப் போனா 3 எம்எம் தான் கூட இருக்கலாம், அதுக்கு மேல போனா முடி தாங்காது, திரும்பிக்கும், நாளடைவுல வேரையே இழுக்கும். தடிமனும் அப்படித் தான், ஒத்தை ஒத்தையா வைக்குற கிளாசிக்னா 0.15 எம்எம், சில மெல்லிசு முடிகளை விசிறி மாதிரி சேர்த்து வைக்குற வால்யூம் ஃபேன்னா 0.05 இல்லன்னா 0.07. மெல்லிசு முடிக்காரங்க 0.20 கேட்டா நான் முடியாதுன்னு தான் சொல்லுவேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல.

இமைத் தோல் மேல மூடுற ஹூடட் கண்ணுக்கு சாதா கர்ல் வெச்சா பாதி முடி மடிப்புக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். அங்க எல் கர்ல் இல்லன்னா எம் கர்ல் வைக்கணும், அடி நேரா போய் அப்புறம் மேல தூக்கும், அதனால வெளிய தெரியும். நீளத்தை நடுவுல வைங்க, ஓரத்துல வேணாம். முன்னாடி தள்ளின மாதிரி பெரிய கண்ணு இருக்குறவங்க டி கர்ல் பக்கமே போகாதீங்க, வளைவு கம்மியான பி இல்லன்னா சி போதும், நீளமும் கம்மி. பாதாம் ஷேப்புக்காரங்க குடுத்து வெச்சவங்க, அவ்ளோதான்.

கண்ணாடி போடுறவங்க தயவுசெஞ்சு அதைப் போட்டுட்டு வாங்க. நிறைய பேர் அழகா இருக்கணும்னு வீட்டுலயே வெச்சுட்டு வந்துடுறாங்க, அப்புறம் ஒவ்வொரு தடவை கண்ணு சிமிட்டும் போதும் முடி லென்ஸ்ல உரசும். எனக்கு அந்த லென்ஸுக்கும் உங்க முடிக்கும் நடுவுல எவ்ளோ கேப்னு பார்க்கணும்.

ஸ்டைலை சென்னை க்ளைமேட்டும் முடிவு பண்ணுது. நாங்க ஒட்டுற க்ளூ சயனோஅக்ரிலேட்னு ஒரு பசை, காத்துல இருக்குற ஈரத்துல தான் அது செட் ஆகும். நம்ம ஐப்பசி மழைல ஏசியும், காத்து ஈரத்தைக் குறைக்குற டீஹியூமிடிஃபையரும் போடாம விட்டா, முடியை க்ளூல தொட்டு எடுத்து இமைக்குக் கொண்டு போறதுக்குள்ளயே காஞ்சு போயிடும், மேலுக்கு ஒட்டின மாதிரி இருக்கும், ரெண்டு நாள்ல உதிரும். தீபாவளி எண்ணெய்க் குளியலும் அப்படித் தான், தலைல இருந்து வழியுற நல்லெண்ணெய் க்ளூவை இளக்கிடும். கண் மையும் எண்ணெய்ப் பசை தான், அடர்த்தியா இழுக்குற பழக்கம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, அந்த மையோட வேலையையே லேஷ் லைன் செய்யுற மாதிரி அடர்த்தியா வெச்சுடலாம்.

கல்யாணப் பொண்ணுங்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு. முதல்ல பேட்ச் டெஸ்ட், அதாவது க்ளூ ஒத்துக்குதான்னு பார்க்குறது, ஃபுல் செட்டுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியாவது, காதோரமா கொஞ்சம் க்ளூ, இல்லன்னா கண்ணோட ஓரத்துல ரெண்டு மூணு முடி. அந்த இடம் சிவந்து வீங்கினா அந்தப் பேச்சையே விட்டுடலாம். செட்டை முகூர்த்தத்துக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி போட்டுக்கோங்க, முந்தின நாள் ராத்திரி வேணாம். ஹோமப் புகைல கண்ணு எப்படியும் கலங்கும், "ஏம்மா, தாலி கட்டும்போது கழண்டு விழுந்துடாதே?"ன்னு அம்மாக்கள் கேப்பாங்க. கண்ணீர்ல விழாது ஆன்ட்டி. கர்ச்சீஃப் வெச்சுத் தேய்ச்சா தான் விழும், அதனால ஒத்தி எடுக்கச் சொல்லுங்க, பக்கத்துல நிக்குற நாத்தனார் கிட்டயும் சொல்லி வைங்க, ஏன்னா துடைச்சு விடுறது அவங்க தான்.