சிங்கம் தூங்கும் நேரம்

மிருகக்காட்சிசாலைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், நுழைவாயிலில் வைத்திருக்கும் வரைபடத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த நாள் ஓர் ஓட்டமாகிவிடுகிறது. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு நிமிடம், ஒரு புகைப்படம், "பார்த்தாச்சு, வா" என்று குழந்தையின் கையைப் பிடித்து ஓர் இழுப்பு. என் கணவரும் முந்தைய இரவே வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்த விலங்கிலிருந்து எந்த விலங்குக்குப் போவது என்று வரிசை எழுதி வைத்திருந்தார். அந்த வரிசையைக் கலைத்தது என் அத்தையின் முழங்கால் வலி. "அவ்வளவு தூரம் என்னால நடக்க முடியாதுப்பா. நாலஞ்சு இடம் போதும், ஆனா அங்க உட்கார்ந்து பார்க்கணும்" என்று மகனிடம் சொல்லிவிட்டார். மாமியார் போட்ட நிபந்தனைகளிலேயே இதற்குத்தான் நான் மிகவும் நன்றி சொல்வேன்.

ஆளுக்கு ஒன்று தேர்ந்தெடுத்தோம். ஆறாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒட்டகச்சிவிங்கியையும், இன்னும் பள்ளியில் சேராத மகன் நீர்யானையையும், கணவர் புலியையும் கேட்டார்கள். இரவு விலங்குகளுக்கான இருட்டறையை நான் கேட்டேன். அத்தைக்குத் தனி விருப்பம் எதுவும் இல்லை. உட்கார இடம் இருந்தால் சரி.

வாயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது நல்லது. கூட்டம் குறைவாக இருக்கும் என்பது ஒரு காரணம்தான். பல பாலூட்டிகள் விடியலை ஒட்டியும் அந்தியை ஒட்டியுமே சுறுசுறுப்பாக இருக்கின்றன. வெயில் ஏறியபின் நிழலைத் தேடிப் படுத்துவிடுகின்றன. நாங்கள் போனபோது புலி தன் எல்லையைச் சுற்றிவந்துகொண்டிருந்தது. ஒரு மரத்தடியில் நின்று நெடுநேரம் முகர்ந்தது; பிறகு தலையை உயர்த்தி, மேலுதட்டைச் சுருட்டி, வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் அது உறுமப் போகிறது என்று கைபேசியைத் தூக்கினார்கள். உண்மையில் அது வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தது. மேல் அண்ணத்தில், முன்பற்களுக்குப் பின்னால் உள்ள சிறு துளைகளின் வழியாக வாசனை மூலக்கூறுகள் ஜேக்கப்சன் உறுப்பு என்ற தனிப்பட்ட புலனுறுப்புக்குப் போகின்றன. அந்த மரத்தில் யார் சிறுநீரைப் பீய்ச்சிவிட்டுப் போனது, ஆணா பெண்ணா, இணைசேரும் பருவத்தில் இருக்கிறதா என்பதெல்லாம் புலிக்கு அதில் தெரிந்துவிடும். திரும்பி நடந்தபோது இரு காதுகளின் பின்புறத்திலும் வெள்ளைப் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. எத்தனையோ படங்களில் புலியைப் பார்த்திருந்தும் அந்தப் புள்ளிகளை மகள் அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தாள்.

புலியைத் தாண்டிய இடத்தில் ஒரு கரடியும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் அது வேறு மாதிரியான நடை. சுவரோரமாகப் பத்தடி போவது, ஒரே இடத்தில் தலையை ஒரே பக்கமாகத் திருப்புவது, அதே தடத்தில் திரும்பி வருவது. முகர்வதில்லை, நிற்பதில்லை. காலடி பட்டுப் பட்டு அந்தத் தடத்தில் புல் முளைக்காமல் போயிருந்தது. அடைபட்ட விலங்குகளிடம் காணப்படும் இந்த மாறாத, பயனற்ற அசைவு நெருக்கடியின் அறிகுறி என்றுதான் விலங்கு நலம் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். அத்தைக்கு அதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதுங்கள அடைச்சு வைக்கிறது பாவம் இல்லையாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. கம்பிக்கூண்டுகளின் காலம் பெரும்பாலும் போய்விட்டது உண்மைதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரை ஒட்டி 1907இல் விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக் திறந்த பூங்காவில், ஒவ்வொரு விலங்கும் எவ்வளவு தூரம் தாவும் என்று சோதித்துப் பார்த்து, அதற்கேற்ப அகழி வெட்டிக் கம்பிகளை அகற்றினார். இன்று உலகெங்கும் நாம் காணும் திறந்தவெளி அடைப்புகள் அந்த யோசனையின் தொடர்ச்சி. ஆனால் கம்பி மறைந்தது முதலில் பார்ப்பவர் கண்ணுக்குத்தான். உள்ளே இருக்கும் உயிருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது, அந்த இடத்தில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்பது தனிக் கேள்வி. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. பனிக்கரடி போல, இயற்கையில் மிகப் பரந்த நிலப்பரப்பில் அலையும் ஊனுண்ணிகளே அடைப்பில் அதிகமாக இப்படி நடக்கின்றன; அவற்றின் குட்டிகளே அதிகமாக இறக்கின்றன.

மறுபக்கமும் இருக்கிறது. அரேபிய ஓரிக்ஸ் என்ற வெள்ளை மானினத்தில் காட்டில் எஞ்சியிருந்த கடைசி விலங்கு 1972இல் ஓமானில் வேட்டையாடப்பட்டது. அதற்கு முன்பே, 1960களில், சில விலங்குகளைச் சேர்த்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் வளர்க்கத் தொடங்கியிருந்ததால் அந்த இனம் அற்றுப்போகவில்லை. 1982இல் அவற்றின் வழிவந்தவை மீண்டும் ஓமான் பாலைவனத்தில் விடப்பட்டன. அங்கும் திருட்டு வேட்டை ஓயவில்லை என்றாலும், இன்று அந்த மான் பாலைவனத்தில் உலவுகிறது என்றால் அதற்கு அடைப்பில் காத்த கைகளே காரணம். இதையெல்லாம் அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மானுக்குச் சரி. இந்தக் கரடிக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. ஒரு விலங்குக்கு நேர்ந்த நன்மையை இன்னொரு விலங்கின் கணக்கில் வரவு வைக்க முடியாது என்பதுதான் என் கருத்தும்.

சிங்கம் எங்கள் பட்டியலில் இல்லை. போகிற வழியில் இருந்தது. மற்ற எல்லா இடங்களிலும் சேர்த்து இருந்ததைவிட அங்கேதான் கூட்டம் அதிகம். நிழலில் இரண்டும் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தன. சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூடப் படுத்துக் கிடக்கும். ஒரே வேளையில் பெருமளவு இறைச்சியைத் தின்று, அதைச் செரித்துக்கொண்டு, வெயில் தணிந்தபிறகு வேட்டைக்கு எழும் விலங்குக்கு அதுதான் முறையான வாழ்க்கை. கூட்டத்துக்கோ அது ஏமாற்றம். சீழ்க்கை அடித்தார்கள், கை தட்டினார்கள். ஒருவர் தம் தோளில் இருந்த குழந்தைக்காக வெற்றுத் தண்ணீர் புட்டியை உள்ளே எறிந்தார். அந்தக் குழந்தை அன்று சிங்கத்தைப் பற்றிக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். பராமரிப்பாளர் ஓடிவந்து கண்டித்தார். அவர் நகர்ந்ததும் மறுபடி சீழ்க்கை. மான் அடைப்பருகே பிஸ்கட்டை நீட்டுகிறவர்களையும் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். இலைதழைகளை நுண்ணுயிரிகளின் துணையோடு செரிக்கும் அசைபோடும் வயிற்றுக்கு மாவும் சர்க்கரையும் கேடு. பிஸ்கட்டோடு உள்ளே போகும் உறை அதைவிடப் பெரிய கேடு.

ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் கிடைத்த கல் பெஞ்சுதான் அன்றைய நாளின் நடுப்பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டது. முதலில் அது தழை தின்பதைப் பார்த்தோம். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுள்ள கருநீல நாக்கு கிளையைச் சுற்றி வளைத்து இலைகளை உருவியது. பிறகு அது தின்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றது. மற்றக் குடும்பங்கள் நகர்ந்துவிட்டன. நாங்கள் அத்தையால் நகரவில்லை. அதனால்தான் அது அசைபோடத் தொடங்கியதைக் காண முடிந்தது. கழுத்தின் அடியில் ஒரு முடிச்சு தோன்றி, கிணற்றிலிருந்து வாளி ஏறுவதைப் போலத் தோலுக்குள் மேலே மேலே ஏறி வாய்க்கு வந்து சேர்ந்தது. உடனே தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கியது. அரைத்து முடித்ததும் அந்தக் கவளம் கீழே இறங்கியது. சிறிது நேரத்தில் அடுத்தது ஏறியது. மகன் ஒவ்வொரு முறையும் "வருது, வருது" என்று கத்தினான். அத்தையும் அவனோடு சேர்ந்துகொண்டார்.

மகள் கேட்டதற்காக அங்கேயே சிலவற்றைச் சொன்னேன். அவ்வளவு நீண்ட கழுத்திலும் எலும்புகள் ஏழுதான்; நமக்கும் ஏழு. ஒவ்வொன்றும் நம் முன்கை அளவுக்கு நீண்டிருக்கிறது, அவ்வளவே. அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால் அதன் இரத்த அழுத்தம் நம்முடையதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அப்படியானால் தண்ணீர் குடிக்கக் குனியும்போது இரத்தமெல்லாம் தலைக்குப் பாய்ந்துவிடாதா என்று அவள் கேட்டாள். நல்ல கேள்வி. மூளைக்குக் கீழே உள்ள நுண்குழாய் வலையும் கழுத்துச் சிரைகளில் உள்ள தடுப்பிதழ்களும் அந்த வேகத்தைத் தாங்கிக்கொள்கின்றன. முன்னங்கால்களை அகலப் பரப்பி அது குனிவதையும் காண வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். அன்று அதற்குத் தாகம் எடுக்கவில்லை.

நீர்யானையிடம் அதிக நேரம் ஆகவில்லை. கரையில் நின்ற அதன் முதுகில் செந்நிறத் திரவம் கசிந்திருந்தது. காயமோ என்று அத்தை பதறினார். அது இரத்தமும் இல்லை, வியர்வையும் இல்லை. வெயிலிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் தோலைக் காக்கும் சுரப்பு. மகனுக்கு அதில் அக்கறை இல்லை. சாணம் போடும்போது வாலை விசிறிபோல் சுழற்றி நாலாபுறமும் தெறிக்கவிட்டது அல்லவா, அதை அவன் இன்னும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

இருட்டறையில் நேரம் தலைகீழாக ஓடுகிறது. இரவில் விளக்கேற்றி, பகலில் மங்கிய செவ்வொளியை மட்டும் வைப்பதால், உள்ளே இருக்கும் விலங்குகள் நம் பகலை இரவென்று எடுத்துக்கொண்டு விழித்திருக்கின்றன. வெளிச்சத்திலிருந்து வருகிற நமக்கோ எதுவும் தெரிவதில்லை. மனிதக் கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக அரை மணி நேரம்கூட ஆகும்; ஆனால் சில நிமிடங்கள் பொறுத்தாலே போதுமான அளவு தெரியத் தொடங்கிவிடும். வந்தவர்களில் பலர் அந்தச் சில நிமிடங்களையும் தரவில்லை. "ஒண்ணுமே இல்ல, காலிக்கூண்டு" என்று சொல்லியபடி ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறினார்கள். சிலர் கைபேசி விளக்கைப் போட்டார்கள். அதனால் எல்லார் கண்ணும் மறுபடி குருடானதோடு, உள்ளே இருந்த உயிர்களும் ஒளிந்துகொண்டன. நாங்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றோம். முதலில் இரண்டு பெரிய கண்கள் தெரிந்தன. பிறகு தேவாங்கு ஒரு கையை எடுத்து அடுத்த கிளையைப் பற்றி, மறு கையை விடுவித்து, தாவாமல் குதிக்காமல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. தேவாங்குகள் தாவுவதே இல்லை. நிமிடத்துக்கு ஒரு கூண்டு என்று வருகிறவர்களுக்கு இந்த விலங்கு அகப்படவே அகப்படாது.

பறவைகளையும் யானையையும் பாம்பறையையும் நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கணவருக்கு அதில் சிறு மனக்குறை. ஆனால் அடுத்த முறைக்கு அவர் எழுதியிருக்கும் தாளில் முதலை ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு எதிரே நேரமும் குறிக்கப்பட்டிருக்கிறது. முதலைக்கு விடியற்காலை உதவாது. இரவில் குளிர்ந்த உடலைச் சூடேற்றிக்கொள்ள வெயில் ஏறியபிறகே அது கரைக்கு வரும். உடல் சூடானதும் வாயைப் பிளந்தபடி கிடக்கும். ஆகவே அடுத்த முறை காலையில் நிதானமாகக் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார். குளக்கரையில் நிழலும் பெஞ்சும் இருக்கின்றனவா என்று மட்டும் அத்தை விசாரித்துவைக்கச் சொல்லியிருக்கிறார்.