மச்சானுக்கு ஸ்டிக், எனக்கு சிபியூ

மச்சான் புது வீட்டு ஹாலுக்கு 55 இன்ச் டிவி வாங்கிவிட்டார். "மாப்ள, உன் வீட்டுல இருக்கற மாதிரி நானும் டிவிக்கு ஒரு கம்ப்யூட்டர் வெச்சுக்கவா, இல்ல ஸ்டிக் போதுமா?" என்று கேட்டார். ஸ்டிக் என்றால் டிவிக்குப் பின்னால் செருகி ஓடிடி பார்க்கிற சின்னக் குச்சி. நான் கம்ப்யூட்டர் பக்கம்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார். ஸ்டிக்கே போதும் என்றேன். ஆனால் என் வீட்டு சிபியூவை மட்டும் எடைக்குப் போட மாட்டேன். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

நான் டிவியோடு கம்ப்யூட்டரை இணைத்த காலத்தில் வேறு நல்ல வழி கிடையாது. விண்டோஸில் டிவியில் படம் பார்ப்பதற்கென்றே மீடியா சென்டர் என்ற சாஃப்ட்வேர் இருந்தது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதைத் தூக்கிவிட்டது. பழைய எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்ட எக்ஸ்பிஎம்சி என்ற அதே மாதிரி சாஃப்ட்வேர், 2014-இல் கோடி என்று பெயர் மாறியது. லினக்ஸ் மேல் அதைப் போட்டுவிட்டால் ஹார்ட் டிஸ்கில் இருப்பதெல்லாம் போஸ்டரோடு அழகாக வரிசை கட்டி நிற்கும். எனக்குச் சொர்க்கம். அம்மாவுக்கு அப்படி இல்லை. "டேய், அம்புக்குறி காணாமப் போச்சுடா" என்று ஆபீஸுக்கே போன் வரும். டிவி ரிமோட்டின் கட்டளை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே அடுத்த பெட்டிக்குப் போக ஒரு வசதி உண்டு, சிஇசி என்பார்கள். ஸ்டிக்கில் இருக்கும், ராஸ்பெர்ரி பை என்கிற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில்கூட இருக்கும். சாதாரண கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டில் பெரும்பாலும் இருக்காது. ஆக, டீப்பாய் மேல் ஒரு கீபோர்டு, சோபா இடுக்கில் ஒரு மவுஸ்.

கரண்ட் கணக்கும் இருக்கிறது. பழைய சிபியூ சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட ஒரு யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 58 யூனிட். அரசாங்கம் தருகிற இலவச யூனிட்டில் நல்ல பங்கு இதற்கே போய்விடும். ஸ்டிக் சில வாட்டோடு முடித்துக்கொள்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடிடி விஷயத்தில்தான் கம்ப்யூட்டர் தோற்றது. ஓடிடி படங்கள் பூட்டுப் போட்டுத்தான் வரும். கூகுளின் வைட்வைன் அப்படி ஒரு பூட்டு. அதில் எல்1, எல்3 என்று நிலைகள் உண்டு. சிப்புக்குள்ளேயே பாதுகாப்பான இடத்தில் பூட்டைத் திறக்கிற கருவிக்கு எல்1. எல்லாவற்றையும் சாஃப்ட்வேரிலேயே செய்கிற லினக்ஸ் பிரௌசருக்கு எல்3. எல்3-க்கு 4கே கிடையாது. சில தளங்கள் எச்டி கொடுக்கவே யோசிக்கும். விண்டோஸில் எட்ஜ் பிரௌசர் வழியாக நெட்ஃப்ளிக்ஸ் 4கே வரும்தான், அதற்கும் கிராபிக்ஸ், டிவி எல்லாம் எச்டிசிபி 2.2 என்கிற, கேபிளில் போகும் படத்தைக் காப்பி எடுக்கவிடாத பூட்டுக்கு ஒத்துவர வேண்டும். கட்டுகிற சந்தா ஒன்றுதான். நாம் பிரித்து மேயக்கூடிய கம்ப்யூட்டரை அவர்கள் நம்புவதில்லை, நம்மால் உள்ளே கை வைக்க முடியாத குச்சியை நம்புகிறார்கள். எனக்கு இதில் இன்னும் எரிச்சல்தான். ஆனால் மச்சானுக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு புதுப்படம், என் எரிச்சல் அல்ல.

அவரிடம் இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். பேர் தெரியாத கம்பெனியின் மலிவு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வேண்டாம். கடைக்கு வரும்போதே வைரஸோடு வந்த பெட்டிகள் பற்றி, பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில், 2025-இல் அமெரிக்க எஃப்பிஐயே எச்சரிக்கை விட்டது. இன்னொன்று, செட்டிங்ஸில் ஃப்ரேம் ரேட் மேட்ச் என்று இருந்தால் ஆன் செய்துவிட வேண்டும். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். பெட்டி 60-லேயே நின்றால் ஒரு ஃப்ரேம் இரண்டு முறை, அடுத்தது மூன்று முறை என்று காட்டி ஒப்பேற்றும். கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சியில் படம் தத்தித் தத்திப் போவது அதனால்தான்.

சரி, என் சிபியூ எதற்கு? அக்கா கல்யாண வீடியோவுக்கு.

தொண்ணூறுகளின் விஎச்எஸ் கேசட். நம்மூர் டிவிக்கான பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகப் பிரிந்திருக்கும். இரண்டு பாதியும் ஒரே நேரத்தில் எடுத்தவை அல்ல, நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசம் உண்டு. பழைய டியூப் டிவி அப்படியே மாற்றி மாற்றிக் காட்டிவிடும். அதையே டிவிடியாக மாற்றிய கோப்பை என் ஸ்டிக்கில் போட்டால், மாலை மாற்றும்போது அக்காவின் கை ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி பிசிறடிக்கிறது. நாதஸ்வரக்காரர் விரல்கள் கோடு கோடாகத் தெரிகின்றன. ஸ்டிக்கில் நான் போட்டுப் பார்த்த பிளேயர்கள் எதுவும் இதைச் சரிசெய்யவில்லை.

கம்ப்யூட்டரில் எஃப்எஃப்எம்பெக் என்கிற, வீடியோவை மாற்றித் தருகிற சாஃப்ட்வேர் இருக்கிறது. அதில் பிடபிள்யூடிஃப் என்கிற ஃபில்டரைப் போட்டால் ஒவ்வொரு பாதியிலிருந்தும் ஒரு முழு ஃப்ரேம் கட்டி, நொடிக்கு 50 ஆகத் தருகிறது. யாடிஃப் என்ற பழைய ஃபில்டரை அப்படியே விட்டால் 25-தான் தரும்; அசைவில் பாதி போய்விடும். எந்தப் பாதி முதலில் என்பதையும் பார்க்க வேண்டும். டிஜிட்டல் வீடியோ (DV) கேமரா கோப்புகளில் இரட்டைப்படைக் கோடுகள் உள்ள பாதி முதலில் வரும். மாற்றிக் கொடுத்தால் மாப்பிள்ளை முன்னும் பின்னும் உதறிக்கொண்டே தாலி கட்டுவார்.

இப்படி மாற்றிய கோப்புகளை, சிபியூவில் இருப்பதை வீட்டு டிவிக்கு அனுப்புகிற ஜெல்லிஃபின் என்ற சாஃப்ட்வேரில் போட்டு வைத்திருக்கிறேன். சிபியூ பரணுக்குப் பக்கத்து அலமாரிக்குப் போய்விட்டது, வேண்டும்போது மட்டும் ஆன் செய்வேன். ஹாலில் ஸ்டிக் அதை வைஃபையில் இழுத்துக் காட்டுகிறது, அம்மாவே ரிமோட்டில் போட்டுக்கொள்கிறார். கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள், யார் மொய் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள் என்பதெல்லாம் இப்போது 50 ஃப்ரேமில் தெளிவாகத் தெரிகிறது. மச்சான் அதே வீடியோவில் மீசையில்லாமல் இருக்கிறார், கோப்பை அவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.